திராட்சையிலிருந்து சிவப்பு ஒயின்: பழம் முதல் பாட்டில் வரை முழுமையான வழிகாட்டி

இங்கே சொல்லும் அளவுகள் எல்லாம் 10 கிலோ கறுப்புத் திராட்சைக்கு. பிழிந்ததும் ஏறக்குறைய 7 லிட்டர் கிடைக்கும். வண்டல் போக ஐந்தரை முதல் 6 லிட்டர், அதாவது 750 மி.லி. பாட்டிலில் ஏழோ எட்டோ தேறும். இதற்குக் குறைவான பழத்தில் தொடங்காதீர்கள். அளவு சிறுத்தால், பாத்திரம் மாற்றும் ஒவ்வொரு முறையும் காற்றுப் படும் பங்கு கூடிவிடும்.

புதிதாகச் செய்பவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் வரிசையில்தான். அளக்கும் முன்பே சர்க்கரை கொட்டுகிறார்கள், கிருமியை அடக்கும் சல்பைட்டைப் போட்ட கையோடு ஈஸ்ட்டையும் போடுகிறார்கள், குமிழி நின்றதும் பாட்டிலில் அடைக்கிறார்கள். கீழே நாள் கணக்குகள் வரும், ஆனால் அவை தோராயம். அடுத்த படிக்குப் போகலாமா என்று தீர்மானிக்க வேண்டியது, சாற்றின் அடர்த்தியைக் காட்டும் மிதவைக் கருவியான ஹைட்ரோமீட்டர்தான்.

தொடங்கும் முன் இரண்டு விஷயங்கள். வீட்டில் ஒயின் செய்ய உங்கள் பகுதிச் சட்டம் அனுமதிக்கிறதா, எவ்வளவு வரை என்று பார்த்துக்கொள்ளுங்கள். நொதித்ததைக் காய்ச்சி வடிப்பது இந்த வழிகாட்டியில் இல்லை. பல நாடுகளில் அது உரிமமில்லாமல் குற்றம். எரியும் ஆவியை அடுப்பருகே கையாளும் வேலை என்பதால் வீட்டுக்கும் ஏற்றதில்லை.

1. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

பழம் வந்த பிறகு கடைக்கு ஓடக் கூடாது. நசுக்கிய பழம் காத்திருக்காது. சில மணி நேரத்தில் காட்டு ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் வேலையைத் தொடங்கிவிடும்.

பாத்திரங்கள்: உணவுத் தரப் பிளாஸ்டிக் வாளி ஒன்று, 18 முதல் 20 லிட்டர், மூடியோடு. 5 லிட்டர் கண்ணாடிக் குடுவை இரண்டு. ஒரு லிட்டர், அரை லிட்டர் கண்ணாடி பாட்டில்கள் சில. ஓட்டையிட்ட ரப்பர் அடைப்பான்கள், அவற்றுக்குப் பொருந்தும் ஏர்லாக்குகள் (உள்ளிருக்கும் வாயுவை வெளியே விட்டு, வெளிக்காற்றை உள்ளே விடாத தண்ணீர் அடைப்புகள்). சைஃபன் குழாய், நைலான் வடிதுணிப் பை, நீளக் கைப்பிடி கொண்ட எவர்சில்வர் கரண்டி. இரும்பு, செம்பு, அலுமினியம் வேண்டாம். திராட்சையின் புளிப்பு அவற்றைக் கரைத்து ஒயினுக்கு உலோகச் சுவையையும் கலங்கலையும் தரும்.

அளவுக் கருவிகள்: ஹைட்ரோமீட்டரும் அதற்கான உயரக் குழாயும், தெர்மாமீட்டர், 0.1 கிராம் வரை காட்டும் தராசு, ஊசியில்லாத 10 மி.லி. சிரிஞ்சு, புளிப்பு அளக்கும் கிட், முடிந்தால் புளிப்பின் வலுவைக் காட்டும் பிஎச் மீட்டர். செலவைக் குறைக்க வேண்டுமானால் பிஎச் மீட்டரை விடலாம். ஹைட்ரோமீட்டரையும் தராசையும் விடக் கூடாது.

பொருட்கள்: பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் (இனி கேஎம்எஸ்; சல்பைட் என்று சொல்வதும் இதையே), டார்டாரிக் அமிலம், சிட்ரிக் அமிலம், பெக்டின் என்சைம், ஈஸ்ட் உணவான டிஏபி, 5 கிராம் ஒயின் ஈஸ்ட் பாக்கெட், வெள்ளைச் சர்க்கரை.

ஈஸ்ட்டில் தேர்வு நிறைய. லால்வின் இசி-1118 முரட்டு வகை. 18 சதவீத ஆல்கஹால் வரை தாங்கும், பாதியில் நிற்பது அரிது. 71பி பழத்தின் மாலிக் அமிலத்தில் ஒரு பகுதியைத் தின்றுவிடும், ஆகவே ஒயின் சற்று மென்மையாக வரும். ஆர்சி-212 சிவப்பு ஒயினுக்கு நல்ல பெயர் எடுத்தது, ஆனால் ஊட்டம் குறைந்தால் அழுகிய முட்டை நாற்றம் காட்டும். முதல் முறைக்கு முதல் இரண்டில் ஒன்று போதும். ரொட்டி ஈஸ்ட்டைத் தவிர்த்துவிடுங்கள். நொதிக்கத்தான் செய்யும், ஆனால் அடியில் கெட்டியாகப் படியாமல் ஒவ்வொரு முறை குழாய் வைக்கும்போதும் கிளம்பி வரும். ரொட்டி வாசனையும் தங்கிவிடும்.

2. பத்து சதவீதக் கேஎம்எஸ் கரைசல்

ஒரு லிட்டருக்குத் தேவைப்படுவது மில்லிகிராம் கணக்கில். அதைத் தூளாக நிறுத்தால் தவறும். கரைசலாக வைத்துக்கொண்டால் சிரிஞ்சில் அளக்கலாம்.

10 கிராம் கேஎம்எஸ்ஸைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, மொத்தம் 100 மி.லி. ஆகும்வரை தண்ணீர் சேர்த்து இறுக மூடுங்கள். இதில் 1 மி.லி. சுமார் 57 மி.கி. சல்பர் டை ஆக்சைடு தரும். வேண்டிய மில்லிகிராமை லிட்டரால் பெருக்கி 57-ஆல் வகுத்தால் எத்தனை மி.லி. என்று வந்துவிடும். கரைசல் வீரியம் இழக்கும் என்பதால் மாதத்துக்கு ஒருமுறை புதிதாகச் செய்யுங்கள்.

திறந்த சன்னல் அருகே நின்று கையாளுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையை வேறொருவரிடம் விடுவது நல்லது.

3. கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு

அழுக்கின் மேல் கிருமிநாசினி வேலை செய்யாது. முதலில் வெந்நீரும் வாசனையற்ற சோப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவி, நன்றாக அலசுங்கள். பிளாஸ்டிக் வாளியைக் கம்பி நாரால் தேய்க்காதீர்கள். கீறலுக்குள் பாக்டீரியா குடியேறினால் எடுக்க முடியாது.

அடுத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் 12 கிராம் கேஎம்எஸ், 12 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து எல்லாவற்றையும் நனைத்து, பத்து நிமிடம் விட்டு வடித்துவிடுங்கள். சிட்ரிக் அமிலம் எதற்கு? சல்பைட் புளிப்புள்ள நீரில்தான் முழு வீரியத்தோடு கிருமியைக் கொல்லும். இந்தக் கரைசலை ப்ளீச்சோடு எந்தக் காரணத்துக்காகவும் கலக்கக் கூடாது. நச்சு வாயு வரும்.

ஹைட்ரோமீட்டர், சைஃபன் குழாயின் உட்புறம், ரப்பர் அடைப்பான் ஆகிய மூன்றையும்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

4. பழத்தைப் பொறுக்கி நசுக்குதல்

பூஞ்சை பிடித்தது, வெடித்தது, புளித்த வாடை வீசுவது எல்லாவற்றையும் வெளியே எறியுங்கள். ஒரு கொத்து காடி வாடை மொத்த வாளியையும் கெடுக்கும். தூசியிருந்தால் லேசாக அலசி, ஈரம் முழுக்க வடிய விடுங்கள். பழத்தில் ஒட்டிய தண்ணீர் அத்தனையும் ஒயினை நீர்க்க வைக்கும்.

காம்புகளை நீக்குங்கள். ஒன்றிரண்டு கிடந்தால் கவலையில்லை, நிறைய கிடந்தால் பச்சைக் காம்பின் துவர்ப்பு ஏறும்.

கையாலோ, கழுவிய மர மத்தாலோ நசுக்கலாம். தோல் கிழிந்தால் போதும். மிக்ஸியில் போடவே போடாதீர்கள். விதை உடைந்தால் அதனுள் இருக்கும் கசப்பு இறங்கிவிடும், அதை எடுக்க வழியில்லை. 10 கிலோ பழம் நசுங்கினால் வாளியில் ஏறக்குறைய பாதியளவு நிற்கும். மீதி இடம் வீணில்லை. நொதிக்கும்போது தோல் மேலே எழும்பி வருவதற்குத்தான் அது.

5. முதல் சல்பைட், பிறகு 24 மணி நேரம்

நசுக்கியதும் லிட்டருக்கு 50 மி.கி. சல்பர் டை ஆக்சைடு. 7 லிட்டர் சாறு என்று வைத்தால் 350 மி.கி.; கரைசலில் 6 மி.லி. கூழில் ஊற்றி அடிவரை கலக்குங்கள். பழத்தோடு வந்த பாக்டீரியாவையும் காட்டு ஈஸ்ட்டின் பெரும்பகுதியையும் இது அடக்கும், சாறு பழுப்பாவதையும் தடுக்கும். பழம் பழுதில்லாமல் இருந்தால் இதற்கு மேல் கூட்ட வேண்டியதில்லை.

வாளியைத் துணியால் மூடி வையுங்கள். 12 மணி நேரம் கழித்துப் பாக்கெட்டில் சொன்ன அளவுக்குப் பெக்டின் என்சைம் சேருங்கள். சல்பைட்டும் என்சைமும் ஒரே நேரத்தில் போனால் என்சைம் செயலிழக்கும். இதைத் தவிர்த்தவர்கள் ஆறு மாதம் கழித்து, எதைப் போட்டாலும் தெளியாத ஒயினைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இன்னும் 12 மணி நேரம் விடுங்கள். ஈஸ்ட் இப்போது வேண்டாம். இப்போது போட்டால் காட்டு ஈஸ்ட்டுக்கு வைத்த சல்பைட் நம் ஈஸ்ட்டையும் தாக்கும்.

6. அளந்து திருத்துதல்

எல்லாப் படிகளிலும் அதிக நேரம் கொடுக்க வேண்டியது இதற்குத்தான். ஈஸ்ட் போட்டுவிட்டால் தொடக்க அளவு என்ன என்று பின்னால் தெரிந்துகொள்ள முடியாது.

முதலில் சர்க்கரை. நசுக்கிய உடனே அளந்தால் எண் குறைவாகக் காட்டும். முழுதாக நசுங்காத பழங்களுக்குள் சர்க்கரை இன்னும் சிக்கியிருக்கும். ஒரு நாள் ஊறியபின் நன்றாகக் கலக்கி, சாற்றை வடிகட்டி, உயரக் குழாயில் ஊற்றி ஹைட்ரோமீட்டரை விடுங்கள். ஒரு சுழற்று சுழற்றினால் ஒட்டிய குமிழிகள் உதிரும். கண்ணை நீர்மட்டத்துக்குக் கொண்டுவந்து படியுங்கள். பெரும்பாலான ஹைட்ரோமீட்டர்கள் 20 டிகிரி செல்சியஸுக்கு ஏற்றவை. உங்களுடையது எந்த வெப்பத்துக்கு என்று அதன் காகிதத்தில் இருக்கும். 20-க்கு ஏற்றதில் சாறு 30 டிகிரியில் இருந்தால் படித்த எண்ணோடு 0.002 முதல் 0.003 வரை கூட்டிக்கொள்ளுங்கள்.

ஒயினுக்கென்று வளர்த்த பழம் 22 முதல் 25 பிரிக்ஸ் (நூறு கிராம் சாற்றில் எத்தனை கிராம் சர்க்கரை என்ற அளவு) வரை இனிப்பாக இருக்கும். சாப்பிடும் திராட்சை பெரும்பாலும் 15 முதல் 19-க்குள் நின்றுவிடும். நமக்கு வேண்டிய ஒப்படர்த்தி (தண்ணீரை 1 என்று வைத்து ஹைட்ரோமீட்டர் காட்டும் எண்) 1.090, அதாவது 21.5 பிரிக்ஸை ஒட்டி. அது முழுதும் நொதித்தால் 12 சதவீதத்துக்குச் சற்று மேலே ஆல்கஹால் வரும். 11-க்குக் கீழே போனால் ஒயின் எளிதில் கெடும். 1.100-ஐத் தாண்டினால் ஈஸ்ட் திணறும்.

கணக்கு எளிது: ஒரு லிட்டரில் ஒப்படர்த்தியை 0.010 உயர்த்த 26 கிராம் சர்க்கரை. உங்கள் சாறு 1.070 காட்டினால் 0.020 உயர வேண்டும். 7 லிட்டருக்கு 26 × 2 × 7 = 364 கிராம். முதலில் 300 கிராம் மட்டும் போடுங்கள். எடுத்த சாற்றிலேயே சர்க்கரையைக் கரைத்து ஊற்றுங்கள், தண்ணீரில் கரைக்காதீர்கள். நன்றாகக் கலக்கி மறுபடி அளந்து மீதியைச் சேருங்கள்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். சர்க்கரையை நேராகக் கொட்டுவார்கள், அது கரையாமல் அடியில் தங்கும், மேல் சாற்றை அளந்தால் எண் நகராது, இன்னும் கொட்டுவார்கள். இரண்டு நாளில் எல்லாம் கரைந்து ஈஸ்ட் தாங்க முடியாத பாகாகிவிடும்.

அடுத்து புளிப்பு. நாக்கை நம்ப முடியாது. இனிப்பு புளிப்பை மறைத்துவிடும். டார்டாரிக் அமிலக் கணக்கில் லிட்டருக்கு 6 முதல் 7 கிராம், பிஎச் 3.3 முதல் 3.6 என்பது குறி. 10 மி.லி. சாற்றை எடுத்து, 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பிஎச் 8.2-ஐத் தொட எத்தனை மி.லி. ஆனதோ, அதை 0.75-ஆல் பெருக்கினால் லிட்டருக்கு எத்தனை கிராம் என்று வரும். சிவப்புச் சாற்றில், நிறங்காட்டியான பீனாப்தலீன் நிறம் மாறுவதைப் பிடிப்பது கடினம்; அதற்காகத்தான் பிஎச் மீட்டர் இருந்தால் நல்லது என்றது. இல்லாவிட்டால் சாற்றைக் கொதித்து ஆறவைத்த தண்ணீரில் பலமடங்கு நீர்த்துப் பாருங்கள். முதலில் சாம்பல் கலந்த பச்சையாக மாறும், அதில் நிறுத்தாமல் தொடர்ந்து விட்டால் இளஞ்சிவப்பு வரும். கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள், சோதித்த சாற்றைக் கீழே ஊற்றிவிடுங்கள்.

உதாரணத்துக்கு 6.7 மி.லி. ஆனால் புளிப்பு 5 கிராம். 6.5-க்கு உயர்த்த லிட்டருக்கு 1.5 கிராம் வீதம் 7 லிட்டருக்கு 10.5 கிராம் டார்டாரிக். பாதியைப் போட்டு, கலக்கி, மறுபடி அளந்துவிட்டு மீதியைத் தீர்மானியுங்கள். பழுத்த பழத்தில் பிஎச் 3.8-க்கு மேல் இருப்பது சகஜம். அந்த நிலையில் சல்பைட்டுக்கு வலு குறைவு, பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம். புளிப்பு சேர்ப்பதைச் சுவைக்காக மட்டும் என்று நினைத்துத் தள்ளிப்போடக் கூடாது.

புளிப்பு மிகுந்து போனால் தண்ணீர் ஊற்றி இறக்கலாமே என்று தோன்றும். நிறம், மணம், கனம் மூன்றும் சேர்ந்தே இறங்கும். அதைவிட 71பி ஈஸ்ட்டைப் பயன்படுத்துவது மேல்.

எல்லா எண்களையும் எழுதி வாளியிலேயே ஒட்டிவிடுங்கள்.

7. ஈஸ்ட்டை எழுப்புதல்

5 கிராம் பாக்கெட் இந்த அளவுக்குத் தாராளம். 50 மி.லி. தண்ணீரை 38 முதல் 40 டிகிரிக்குச் சூடாக்கி (பாக்கெட்டில் வேறு வெப்பம் சொல்லியிருந்தால் அதுவே சரி), ஈஸ்ட்டைத் தூவி, 15 நிமிடம் விட்டுப் பிறகு மெதுவாகக் கலக்குங்கள். காய்ந்த ஈஸ்ட்டின் சுவர் வெதுவெதுப்பான நீரில்தான் சரியாக விரியும். குளிர்ந்த சாற்றிலோ சல்பைட் உள்ள சாற்றிலோ நேராக விழுந்தால் கணிசமான பங்கு செத்துவிடும்.

ஈஸ்ட் கரைசலுக்கும் கூழுக்கும் வெப்ப வித்தியாசம் 10 டிகிரிக்கு மேல் இருந்தால், கொஞ்சம் கொஞ்சமாகச் சாறு கலந்து ஈஸ்ட்டைப் பழக்குங்கள். பிறகு ஊற்றி, கூழை நன்றாகக் கிளறி காற்றுப் படவிடுங்கள். இந்த முதல் நாளில் ஈஸ்ட் பெருக ஆக்சிஜன் தேவை. ஒயின் செய்முறை முழுவதிலும் காற்றை வரவேற்பது இந்த ஒரு கட்டத்தில்தான்.

வாளியை இறுக மூடாதீர்கள். மூடியைத் தளர்வாக வைத்து மேலே துணி கட்டுங்கள். கார்பன் டை ஆக்சைடு வெளியேற வேண்டும். பழ ஈ உள்ளே வரக் கூடாது. காடி பாக்டீரியாவைக் காலில் சுமந்து வருவது அந்த ஈதான்.

8. முதல் நொதிப்பு: 5 முதல் 8 நாள்

ஒரு நாளுக்குள் நுரை தெரியும். தோல்கள் எல்லாம் மேலே எழுந்து கெட்டியான அடுக்காகும். அதை ஒரு நாளைக்கு மூன்று முறை கரண்டியால் அமுக்கிச் சாற்றில் முழுக்குங்கள். நிறமும் துவர்ப்பும் தோலில் இருக்கிறது. மேலே காய்ந்து கிடந்தால் அது சாற்றில் இறங்காது. காற்றுப் படும் காய்ந்த தோல் காடி பிடிக்கவும் செய்யும். தோல் அடுக்குக்குள் வெப்பமும் சேரும், முழுக்கினால் தணியும்.

வெப்பத்தைத் தோல் அடுக்குக்குள் தெர்மாமீட்டரைச் செருகி அளங்கள். அறை 25 டிகிரியாக இருக்கும்போது அங்கே 30-ஐத் தாண்டியிருக்கலாம். 22 முதல் 28 வரை நல்லது. 32-ஐத் தொட்டால் தலையிட வேண்டும்: தண்ணீர் நிரப்பி உறையவைத்த பாட்டிலை வெளிப்புறம் கிருமி நீக்கி வாளிக்குள் விடுங்கள். 35-ஐ ஒட்டிப் போனால் ஈஸ்ட் சாகத் தொடங்கும். அப்படி நின்ற நொதிப்பை மீட்பது பெரும்பாடு.

நுரை நன்றாகத் தெரிந்த பிறகு லிட்டருக்கு 0.25 கிராம் வீதம் டிஏபி, அதாவது 7 லிட்டருக்கு 1.75 கிராம். ஒப்படர்த்தி 1.060-க்கு இறங்குவதற்குள் இதை முடித்துவிடுங்கள். பிந்திப் போட்டால் ஆல்கஹால் கூடிய சாற்றில் ஈஸ்ட்டால் அதை எடுக்க முடியாது. மிச்சமாகும் ஊட்டம் பின்னால் வரும் பாக்டீரியாவுக்குத் தீனியாகும்.

வாளி இருக்கும் அறையில் காற்றோட்டம் இருக்கட்டும். கார்பன் டை ஆக்சைடு தரையை ஒட்டித் தேங்கும். சிறிய அடைத்த அறையில் ஆபத்து.

தினமும் ஒரு முறை ஒப்படர்த்தி பாருங்கள். இறங்கிக்கொண்டே இருந்தால் எல்லாம் சரி.

9. பிழிதல்

ஒப்படர்த்தி 1.010-க்குக் கீழே வந்ததும் பிழியலாம். 1.000 வரை காத்திருந்தால் நிறமும் துவர்ப்பும் கூடும். அதற்கும் மேல் தாமதிக்க வேண்டாம். நொதிப்பு அடங்கிய வாளியில் ஒயினைக் காக்கும் வாயுப் போர்வை மெலிந்துவிடும்.

முதலில் தானாக வடியும் ஒயினைக் குடுவைக்கு மாற்றுங்கள். பிறகு தோல்களை நைலான் பையில் இட்டு மெல்ல அழுத்துங்கள். முறுக்கிப் பிழிந்தால் இன்னும் கால் லிட்டர் வரும், கூடவே கசப்பும் வரும். முறுக்கித்தான் ஆகவேண்டும் என்றால் அந்தக் கடைசிப் பங்கைத் தனிப் பாட்டிலில் வையுங்கள். பிறகு சுவைத்துப் பார்த்துக் கலக்கலாம்.

5 லிட்டர் குடுவையை நிரப்பி, மீதியைச் சிறு பாட்டில்களில் ஊற்றி, எல்லாவற்றுக்கும் ஏர்லாக் மாட்டுங்கள். இந்தச் சிறு பாட்டில்கள்தான் பின்னால் குடுவையை நிரப்பி வைக்க உதவும். இன்னும் கொஞ்சம் நுரை வரும் என்பதால் முதல் இரண்டு மூன்று நாள் கழுத்தில் நான்கு விரல் இடம் விடலாம். பிறகு அடைப்பானுக்கு இரண்டு செ.மீ. கீழ்வரை நிரப்பிவிடுங்கள்.

10. நொதிப்பு முடிந்ததா என்று அறிதல்

ஏர்லாக்கில் குமிழி நின்றது என்பது எதற்கும் சாட்சியில்லை. அடைப்பான் தளர்ந்திருந்தாலும் குமிழி நிற்கும். நொதிப்பு முடிந்தபின் வெயில் ஏறினால் கரைந்த வாயு வெளியேறிக் குமிழி வரவும் வரும்.

ஒப்படர்த்தி 0.998-க்குக் கீழே, மூன்று நாள் இடைவெளி விட்டு மூன்று முறை அளந்தும் ஒரே எண் என்றால் முடிந்தது. பொதுவாக பிழிந்ததிலிருந்து இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். ஆல்கஹால் சதவீதம்: தொடக்க எண்ணிலிருந்து கடைசி எண்ணைக் கழித்து 131-ஆல் பெருக்குங்கள். 1.090 தொடங்கி 0.996 முடிந்தால் 12.3.

1.020 போன்ற இடத்தில் நின்றுவிட்டால் காய்ந்த ஈஸ்ட்டை மேலே தூவாதீர்கள். ஆல்கஹாலில் விழுந்ததும் அது சாகும். முதலில் குளிர்ச்சியா என்று பாருங்கள். 22 டிகிரிக்குக் கொண்டுவந்தாலே பல நேரம் மறுபடி கிளம்பும். இல்லையென்றால் இசி-1118-ஐ எழுப்பி, கொஞ்சம் சர்க்கரை நீரில் நுரைக்க விட்டு, அதே அளவு நின்றுபோன ஒயினைக் கலந்து, அது நுரைத்ததும் மறுபடி அதே அளவு கலந்து, இப்படி இரட்டித்துக்கொண்டே போங்கள்.

11. வண்டல் மாற்றல்

பிழிந்து இரண்டு நாளில் அடியில் தடித்த வண்டல் படியும். அதிலிருந்து ஒயினை முதல் முறை மாற்றுங்கள். பழச் சதையும் செத்த ஈஸ்ட்டும் சேர்ந்து அழுகினால் நாற்றம் ஒயினில் இறங்கும். இந்த மாற்றலில் சல்பைட் வேண்டாம், நொதிப்பு இன்னும் மிச்சமிருக்கிறது.

இரண்டாவது, ஒப்படர்த்தி நிலைத்த பிறகு. அப்போது லிட்டருக்கு 50 மி.கி. சல்பர் டை ஆக்சைடு: 6 லிட்டருக்குக் கரைசலில் 5.3 மி.லி. மூன்றாவது, இரண்டு மூன்று மாதம் கழித்து, 30 மி.கி. வீதம் 3.2 மி.லி. அதற்கு மேல் வண்டல் கண்ணில் பட்டால் மட்டும் மாற்றுங்கள். தெளிந்த ஒயினைச் சும்மா மாற்றிக்கொண்டிருப்பது அதை வயதாக்கும் வேலை.

மாற்றும்போது குழாயின் மறுமுனை புதுக் குடுவையின் அடியைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். மேலிருந்து சளசளவென்று விழுந்தால் ஒவ்வொரு துளியும் காற்றைக் குடிக்கும். குடுவையை முந்தைய நாளே மேசையில் ஏற்றி வைத்துவிடுங்கள். மாற்றும் நேரத்தில் தூக்கினால் வண்டல் கிளம்பும். குழாயில் வாயை வைத்து உறிஞ்சுவதைக் கைவிட்டு, தண்ணீர் நிரப்பித் தொடங்குங்கள்.

ஒவ்வொரு மாற்றலிலும் கொஞ்சம் குறையும். சிறு பாட்டிலிலிருந்து நிரப்புங்கள். அதுவும் தீர்ந்தால் கிருமி நீக்கிய கண்ணாடிக் கோலிகளைப் போட்டு மட்டத்தை ஏற்றலாம். பாதிக் குடுவை காலியாக மூன்று மாதம் நின்ற ஒயினைச் சல்பைட் காப்பாற்றாது.

ஏர்லாக் தண்ணீரை வாரம் ஒருமுறை பாருங்கள். வறண்டுபோன ஏர்லாக் வெறும் ஓட்டை.

மாலிக் அமிலத்தை லாக்டிக்காக மாற்றும் பாக்டீரிய நொதிப்பைப் பற்றிப் படித்திருப்பீர்கள். அது வேண்டுமானால் பாக்டீரியாவைச் சேர்த்து, முடிந்தது என்று சோதித்து அறியும்வரை சல்பைட்டை நிறுத்தி வைக்க வேண்டும். அந்தக் காலத்தில் ஒயின் பாதுகாப்பில்லாமல் நிற்கும். முதல் முறைக்கு அதை விட்டுவிடலாம் என்பதே என் கருத்து.

12. தெளிவும் இனிப்பும்

ஆறு மாதத்தில் பெரும்பாலான சிவப்பு ஒயின் தானே தெளியும். தெளியாவிட்டால் லிட்டருக்கு 0.5 கிராம் பென்டோனைட் என்ற களிமண் தூளை வெந்நீரில் ஒரு நாள் ஊறவைத்துக் கலக்கி, இரண்டு வாரம் விட்டு மாற்றுங்கள். அதிகம் போட்டால் நிறத்தையும் இழுத்துக்கொண்டு இறங்கும்.

ஃபிரிட்ஜில் இரண்டு வாரம் வைத்தால் கண்ணாடித் துகள் போன்ற டார்டரேட் படிகங்கள் அடியில் படியும். தீங்கற்றவை. இப்போதே படியவிட்டால் பாட்டிலில் வராது.

இனிப்பு வேண்டும் என்றால் பொட்டாசியம் சார்பேட் லிட்டருக்கு 0.2 கிராம், கூடவே 50 மி.கி. சல்பர் டை ஆக்சைடு, அதன் பிறகே சர்க்கரை. சார்பேட் ஈஸ்ட்டைக் கொல்வதில்லை, பெருகாமல் தடுக்கிறது. ஆகவே தெளிந்த ஒயினில்தான் வேலை செய்யும். சல்பைட் இல்லாமல் சார்பேட் மட்டும் போட்டாலோ, லாக்டிக் நொதிப்பு நடந்த ஒயினில் போட்டாலோ, பாக்டீரியா அதைச் சிதைத்து ஜெரானியம் இலையை நசுக்கிய வாடையை உண்டாக்கும். அதற்கு மருந்தில்லை. சர்க்கரை போட்டபின் இரண்டு வாரம் ஏர்லாக்கிலேயே வைத்திருந்து, ஒப்படர்த்தி அசையவில்லை என்று பார்த்தபின் பாட்டிலுக்குப் போங்கள்.

13. பாட்டிலில் அடைத்தல்

அடைப்பதற்கு முன் ஒரு சோதனை. சிறு பாட்டிலில் பாதி ஒயின் ஊற்றி, கட்டைவிரலால் மூடிக் குலுக்கித் திறங்கள். 'புஸ்' என்று சத்தம் வந்தால் வாயு இன்னும் கரைந்திருக்கிறது. குடுவையில் ஒரு நாளைக்கு இருமுறை மெதுவாகச் சுழற்றிக் கலக்கி வெளியேற்றுங்கள்.

கடைசியாக லிட்டருக்கு 30 மி.கி. சல்பர் டை ஆக்சைடு சேர்த்து, குழாயைப் பாட்டிலின் அடிவரை விட்டு நிரப்புங்கள். கார்க்கின் அடிக்கும் ஒயினுக்கும் இடையே ஒன்றரை முதல் இரண்டு செ.மீ. கார்க்கைக் கொதிக்க வைக்காதீர்கள், நொறுங்கும். சல்பைட் கரைசலில் முக்கி எடுத்தால் போதும். அடைத்த பாட்டிலை மூன்று நாள் நிமிர்த்தி வைத்துப் பிறகு சாய்த்துப் படுக்க வையுங்கள். திருகு மூடி என்றால் சாய்க்கத் தேவையில்லை. வெளிச்சம் படாத, வெப்பம் ஏறி இறங்காத இடம். மூன்று மாதத்தில் ஒன்றைத் திறந்து பார்க்கலாம். துவர்ப்பு அதிகமென்றால் மற்றவற்றை இன்னும் ஆறு மாதம் தொடாதீர்கள்.

14. நாற்றம், படலம், அழுத்தம்: எது எதனால்

அழுகிய முட்டை வாடை: ஈஸ்ட்டுக்கு ஊட்டம் குறைந்ததாலோ, வண்டலில் நெடுநாள் கிடந்ததாலோ வரும் ஹைட்ரஜன் சல்பைடு. நொதிப்பு நடக்கும்போதே தெரிந்தால் டிஏபி சேர்த்து, காற்றுப் பட மாற்றுங்கள். பின்னால் தெரிந்தால் ஒருமுறை தெறிக்க மாற்றி உடனே சல்பைட் போடுங்கள். மாதக்கணக்கில் விட்டால் வெங்காய வாடையாகி நிலைத்துவிடும்.

நகப்பூச்சு அல்லது காடி வாடை: காய்ந்த தோல் அடுக்கு, பழ ஈ, காலி இடம். திரும்ப வழியில்லை. லேசாக இருந்தாலும் நல்ல ஒயினோடு கலக்காதீர்கள். பாக்டீரியாவும் சேர்ந்து போகும். அந்தக் குடுவைக்கு இரட்டைக் கிருமிநீக்கம்.

மேலே வெள்ளைப் படலம்: காற்றில் வளரும் படல ஈஸ்ட். ஆரம்பத்திலேயே பார்த்தால், படலத்துக்கு அடியில் குழாயை விட்டு ஒயினை எடுத்து, சல்பைட் போட்டு, கழுத்துவரை நிரப்பினால் பிழைக்கும்.

பழுப்பு நிறமும் காய்ந்த பாதாம் மணமும்: ஆக்சிஜன். எந்த மாற்றலில் நடந்தது என்று உங்கள் குறிப்பேட்டில் பாருங்கள், பெரும்பாலும் சல்பைட் அளவு விட்டுப்போன இடம் கண்ணில் படும்.

தள்ளி எழும் கார்க், சிந்தும் பாட்டில்: உள்ளே மறுநொதிப்பு. பாட்டில் வெடிக்கக் கூடும். பாதுகாப்புக் கண்ணாடி, தடித்த கையுறை போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் முதலில் குளிரவைத்து, துணியால் சுற்றித் திறந்து, குடுவைக்கே திருப்பி ஊற்றி ஏர்லாக் மாட்டுங்கள். ஒப்படர்த்தியை மறுபடி அளந்து, 10-ஆம் படியிலிருந்து தொடருங்கள்.